வெளிநாட்டில் கில்ட் அணிந்து போனால் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள்?

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டும், முழங்கால்வரை வரும் கட்டம்போட்ட கம்பளி உடை. முன்பக்கம் தட்டை, பின்பக்கம் முழுக்கக் கொசுவம். முழு அளவு கில்ட்டுக்கு ஏறக்குறைய 7 மீட்டர் துணி பிடிக்கும். அதில் பை கிடையாது. பணமும் போனும் முன்னால் தொங்கும் ஸ்போரன் என்ற தோல்பையில்தான்.

லண்டன் ரயிலில் வேட்டியோடு ஏறினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் இல்லையா, அதே கதைதான். ஆனால் கில்ட்டை உலகம் ஏற்கெனவே அறியும். அதனால் முறைப்பைவிடப் புன்னகையும், "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"வும்தான் அதிகம். கில்ட் அணிந்தே ஆட்டம் பார்க்கப் போகும் ஸ்காட்லாந்துக் கால்பந்து ரசிகர்களுக்கும் இதில் பங்குண்டு. 2024 ஐரோப்பியக் கோப்பையின்போது ஜெர்மனியின் கொலோன் நகரத் தெருக்கள் கில்ட்டால் நிறைந்தன. ஊர்க்காரர்களும் சேர்ந்து கொண்டாடினார்கள்.

தொல்லையும் உண்டு. "உள்ளே என்ன போட்டிருக்கிறாய்?" என்று கேட்பார்கள். சிலர் தூக்கியே பார்ப்பார்கள். அது விளையாட்டல்ல, அத்துமீறல். கில்ட்டோடு காலுறையில் ஒரு சிறு கத்தியைச் செருகுவது வழக்கம்; விமானத்தில் போகிறவர்கள் அதைக் கைப்பையில் வைக்கக் கூடாது.

ஸ்காட்லாந்துக் குலத்தில் பிறந்தவர்தான் கில்ட் அணியலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எந்தச் சட்டமும் இல்லை, யாரும் அணியலாம்.