தார்ம்ஸ்டாட்டும் ரைன்ஃபெல்ஸ் கோட்டையும்: காட்சனெல்ன்போகன் சிற்றரசு

தம்பி, ஜெர்மனியின் தார்ம்ஸ்டாட்டுக்கு வேலைக்கு வந்திருக்கும் நீங்கள், ரைன் கரையில் சாங்க்ட் கோவார் ஊருக்கு மேலே நிற்கும் ரைன்ஃபெல்ஸ் கோட்டையின் பிரபுக்களே நம் ஊரையும் ஆண்டார்கள் என்று உடன் பணிபுரிபவர் சொன்னதாகவும், இவ்வளவு தொலைவிலுள்ள இரண்டும் எப்படி ஒரே ஆட்சியில் இருந்திருக்க முடியும் என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கே பல ஆண்டுகளாக வாழ்பவன் என்ற முறையில், இந்த வட்டாரத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி இல்லை என்பேன்.

அந்தப் பிரபுக்கள் ஆண்ட காட்சனெல்ன்போகன் சிற்றரசு எல்லைக்கோடு போட்டுக் காட்டக்கூடிய ஒரே நிலப்பரப்பாக இருந்ததில்லை. ரைன்ஃபெல்ஸைச் சுற்றிய கீழ்ச்சீமை, தார்ம்ஸ்டாட்டைச் சுற்றிய மேல்சீமை என்று அது இரண்டாகக் கிடந்தது. மணஉறவாலும் மானியத்தாலும் விலைக்கு வாங்கியும் சேர்த்த உரிமைகளின் தொகுப்பையே அன்று நாடு என்றார்கள்.

அதன் உயிர்நாடி ரைன் ஆற்றுச் சுங்கம். 1245இல் இந்தக் குடும்பத்து ஐந்தாம் டீத்தர் ரைன்ஃபெல்ஸைக் கட்டி, ஆற்றில் செல்லும் படகுகளிடம் சுங்கத்தை உயர்த்தியதும் வணிக நகரங்கள் கொதித்தெழுந்தன. 1254இல் கூட்டணி அமைத்த அந்நகரங்கள் அடுத்த ஆண்டே கோட்டையை முற்றுகையிட்டு, ஓராண்டுக்கும் மேல் முயன்றும் பிடிக்க முடியாமல் திரும்பின. அந்த வெற்றிதான் இந்தக் குடும்பத்தைச் செல்வக் குடும்பமாக்கியது என்பது என் கருத்து. தார்ம்ஸ்டாட்டுக்கு 1330இல் நகர உரிமை கிடைத்ததும் இவர்கள் காலத்தில்தான்.

இவர்களுடைய கணக்கு ஏடுகள் இன்றும் பேசுகின்றன. ரூசல்ஸ்ஹைம் தோட்டத்துக்கு ரீஸ்லிங் திராட்சைக் கொடிகள் வாங்க 22 ஷில்லிங் செலவானதாக 1435ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. உலகப் புகழ்பெற்ற அந்தத் திராட்சையைக் குறிப்பிடும் மிகப் பழைய எழுத்துச் சான்று, செலவுக் கணக்கின் அந்த ஒற்றை வரியே.

ஆண் வாரிசுகள் முன்பே இறந்துவிட்டதால், 1479இல் இக்குடும்பத்துப் பிரபு மூத்த பிலிப் மறைந்தபோது, அவர் மகள் அன்னாவை மணந்திருந்த ஹெஸ்ஸன் அரசகுலத்து ஹைன்ரிஷிடம் அனைத்தும் போய்ச் சேர்ந்தன. நாசாவ் என்ற மற்றொரு பிரபுக் குடும்பமும் உரிமை கோரியதால் வழக்கு இழுத்தடித்து, 1557இல்தான், நாசாவுக்கு 6 லட்சம் குல்டன் (அக்கால நாணயம்) இழப்பீடு என்று முடிந்தது. காட்சனெல்ன்போகன் பிரபு என்ற பட்டம் மட்டும் நாசாவ் வழியினரிடமும் நிலைத்தது. நெதர்லாந்து அரசரின் பட்டங்களுள் அது இன்றும் ஒன்று.

கோட்டைக்குப் போகும்போது கைவிளக்கு எடுத்துச் செல்லுங்கள். நிலத்தடிச் சுரங்கப் பாதைகளில் அது இல்லாமல் நடக்க இயலாது. பிறகு எதிர்க்கரைக்குப் படகில் கடந்து, அதே குடும்பம் கட்டிய காட்ஸ் கோட்டையைக் கீழிருந்து அண்ணாந்து பாருங்கள். இரு கரையிலும் கோட்டை வைத்திருந்தவர்களிடம் சுங்கம் செலுத்தாமல் படகுகள் தப்பியிருக்க முடியாது என்பது அங்கே நின்றால் தெளிவாகத் தெரியும்.