இறக்கத்தில் ஏமாற்றும் பிரேக்

கேள்வி: ஏற்காட்டிலிருந்து காரில் இறங்கும்போது பாதி வழியில் பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது, கருகல் வாடை வேறு. மறுநாள் சரியாகிவிடுகிறது. மெக்கானிக் பிரேக் பேட் (சக்கரத்தின் டிஸ்க் தட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டை) மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
- வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: முதலில் சக்கரத்தைக் கழற்றிப் பேடைக் காட்டச் சொல்லுங்கள். தடிமன் 3 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஆனால் எனக்குச் சந்தேகம், பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயில் மேல். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 (DOT 4) என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை தாங்கும். ஈரம் ஏறினால் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். பெடலை மிதித்தால் அப்போது உருவாகும் ஆவிக் குமிழிதான் நசுங்குகிறது, பிரேக் பிடிப்பதில்லை. ஆறியதும் குமிழி மறைந்து, மறுநாள் வண்டி சமர்த்துப் பிள்ளையாக நிற்கும்! ஆயிலை 2 வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள்; மேலே ஊற்றி நிரப்புவது போதாது.

அப்புறம், 20 கொண்டை ஊசி வளைவிலும் காலைப் பெடலிலேயே வைத்திருந்தால் எந்த ஆயிலும் தாங்காது. இரண்டாவது கியரில் இறக்குங்கள். பெட்ரோல் மிச்சமென்று எஞ்சினை அணைத்து உருட்டும் புத்திசாலிகளைப் பார்த்துப் பழகாதீர்கள். காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டரின் உதவி போய்ப் பெடல் இறுகிவிடும். மறுபடி பெடல் உள்ளே போனால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும்.