கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை தட்டுவது ஏன்?

கேள்வி: தாராசுரம் கோயிலின் தேர் மண்டபச் சக்கரத்தைப் படமெடுத்துக் கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். கும்பகோணத்தில் ஒரு லேபில் பிரிண்ட் போட்டபோது கல் முழுவதும் பச்சை தட்டியது. கிரேஸ்கேல், ஆர்ஜிபி, சிஎம்ஒய்கே ஆகியவற்றில் எதில் கொடுப்பது?

பதில்: லேபுக்கு ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வண்ண எண்களால் படத்தைக் குறிக்கும் முறை), அதுவும் அதன் பொதுவான வகையான எஸ்ஆர்ஜிபி. சாம்பல் அளவை மட்டுமே குறிக்கும் கிரேஸ்கேல் கோப்பைச் சில லேப்கள் வாங்குவதே இல்லை.

வண்ணமில்லாத படத்துக்கு மூன்று வண்ணம் எதற்கு என்று தோன்றும். லேபின் வண்ணக் காகிதத்தில் கறுப்பு மை கிடையாது. சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் என்ற மூன்று சாயங்கள் சரியளவில் சேர்ந்துதான் சாம்பலும் கறுப்பும் உண்டாகின்றன. மெஜந்தா சிறிது குறைந்தாலும் பச்சை தட்டிவிடும். வண்ணப் படத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. சோழர் காலக் கல்லின் சாம்பலில் உடனே தெரிந்துவிடும்.

தவறு உங்களுடையதா, இயந்திரத்தினுடையதா? கோப்பைப் படம் திருத்தும் மென்பொருளில் திறந்து, சக்கரத்தின் ஆரத்தில் சுட்டியை வைத்துச் சிவப்பு, பச்சை, நீல எண்களைப் பாருங்கள். 128, 128, 128 என்று மூன்றும் ஒன்றாக இருந்தால் கோப்பில் குறையில்லை. இயந்திரத்தைச் சீர்செய்யச் சொல்லுங்கள். 128, 134, 127 என்றிருந்தால் பச்சை உங்கள் கோப்பிலேயே இருக்கிறது.

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: எடுத்தவுடன் கிரேஸ்கேலுக்கு மாற்றிவிடாதீர்கள். கோயிலைச் சுற்றியுள்ள புல்லும் கல்லும் ஒரே சாம்பலாகிவிடக்கூடும். வண்ணம் இருக்கும்வரை, கறுப்பு வெள்ளைக் கருவியில் மஞ்சளையும் பச்சையையும் குறைத்துப் புல்லை இருளச் செய்யலாம். கல் தனித்து எழுந்து நிற்கும். வண்ணத்தைத் தொலைத்த பிறகு இதற்கு வழியில்லை. திருத்தங்களை, நுண்ணிய படிகள் அதிகமுள்ள 16 பிட்டில் செய்யுங்கள். 8 பிட்டில் சாம்பல் படிகள் 256 மட்டுமே. காவிரி மணலுக்கு மேலே விரியும் வெளிர்வானத்தை அழுத்தித் திருத்தினால் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். கடைசியில் 8 பிட் ஜேபெக்காகச் சேமித்தால் போதும்.

சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளைக் குறிக்கும் சிஎம்ஒய்கே அச்சகத்துக்கானது. அங்கும் கும்பாபிஷேக மலர் ஒற்றைக் கறுப்பு மையில் அச்சாகிறது என்றால் கிரேஸ்கேல்தான் சரி. வீட்டில் சாம்பல் மைகள் உள்ள இங்க்ஜெட் இருந்தால் அதன் கறுப்பு வெள்ளை முறையைத் தேர்ந்தெடுங்கள்.

பெரிய அளவுக்குப் பணம் கட்டுமுன் 4x6 அங்குலத்தில் ஒன்று போடுங்கள். டியூப்லைட்டின் கீழே பார்த்து முடிவு செய்யாமல், காலையில் திண்ணைக்கு எடுத்து வந்து வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். அப்போதும் பச்சை தெரிந்தால், அந்தப் பிரிண்டையும் கோப்பின் எண்களையும் லேபில் காட்டி மறுபடி போடச் சொல்லுங்கள்.