கீழிருந்து ஏழாவது வரி

அன்புள்ள சார்,

வணக்கம். நான் கையால் தைத்த நோட்டுப் புத்தகங்கள் செய்து விற்கிறேன். வீட்டில் ஓர் அறைதான் பட்டறை. நான்கு வருடம் ஆகிறது. இன்ஸ்டாகிராமில் என்னை 11,000 பேர் பின்தொடர்கிறார்கள். அதில் பாதிப் பேர் போன வருடம் நடத்திய பரிசுப் போட்டியில் வந்தவர்கள். ஆனால் விற்பனை போட்டிக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது.

வாங்கியவர்களை எல்லாம் சேர்த்து ஒரு வாட்ஸாப் குழு தொடங்கினேன். 240 பேர் இருக்கிறார்கள். ஐந்தாறு பேரைத் தவிர யாரும் வாய் திறப்பதில்லை. தள்ளுபடி என்று போட்டால் மட்டும் குழு விழித்துக்கொள்கிறது.

போன மாதம் இன்னொன்று நடந்தது. முதல் வருடத்திலிருந்து என்னிடம் வாங்கும் ஒருவர், குழுவில் எல்லோர் முன்னாலும் நீளமாக எழுதினார். புது நோட்டுகளில் தையல் தளர்கிறது, விரித்து வைத்தால் முன்பு போலத் தட்டையாகக் கிடப்பதில்லை, நூலை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டிருந்தார். மாற்றியது உண்மைதான். பழைய நூல் கிடைக்கவில்லை. ஆனால் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று ரொம்ப வலித்தது. பதில் போடவில்லை. அவரைக் குழுவிலிருந்து எடுத்துவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

ஆயிரம் உண்மையான ரசிகர்கள் இருந்தால் ஒரு சிறு தொழில் பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள். விசுவாசமான ஒரு கூட்டத்தை எப்படி உருவாக்குவது? (வெளியிட்டால் பெயர் வேண்டாம்.)

கே.

---

அன்புள்ள கே.,

முதலில் அவருக்குப் பதில் போடுங்கள். போட்டுவிட்டு வந்து மிச்சத்தைப் படித்தால் போதும்.

என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். 'ஆமாம், நூலை மாற்றினேன். பழைய நூல் கிடைக்கவில்லை. புதியது இப்படித் தளரும் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் இருக்கும் நோட்டை அனுப்புங்கள், திரும்பத் தைத்துத் தருகிறேன்.' இவ்வளவுதான். அவர் குழுவில் கேட்டார், நீங்களும் குழுவிலேயே சொல்லுங்கள். 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்ற வகையில் ஒரு வரியும் வேண்டாம். அதைப் படித்ததுமே ஆள் போய்விடுவார்.

ஏன் இந்த அவசரம் என்றால், உங்கள் கடிதத்தில் நீங்கள் தேடும் ஆள் அவர்தான். 11,000 பேரை எண்ணியிருக்கிறீர்கள், 240 பேரை எண்ணியிருக்கிறீர்கள். நோட்டை மேசைமேல் விரித்து வைத்து, அது தட்டையாகக் கிடக்கிறதா என்று பார்த்து, முன்பு வாங்கியதோடு ஒப்பிட்டு, நூல் மாறியிருப்பதைக் கண்டுபிடித்த ஒருவரைக் குழுவிலிருந்து எடுத்துவிடலாமா என்கிறீர்கள்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்று ஒரு பொருளாதார அறிஞர் இருந்தார். நைஜீரியாவின் ரயில்வேயைப் பார்த்தபோது அவருக்கு ஒரு விஷயம் புரியவில்லை. வடக்கே விளையும் நிலக்கடலை நூற்றுக்கணக்கான மைல் தாண்டித் துறைமுகத்துக்குப் போக வேண்டும். அவ்வளவு தூரத்துக்கு ரயில்தான் தோது. ஆனாலும் லாரிகள் சரக்கைத் தட்டிக்கொண்டு போயின. போட்டி என்று ஒன்று வந்தால் ரயில்வே திருந்தியிருக்க வேண்டும் இல்லையா? திருந்தவில்லை. ரயில் சரியில்லை என்று சண்டை போடக்கூடியவர்கள் யாரோ, அவர்கள்தான் முதலில் லாரிக்கு மாறினார்கள். மிச்சம் இருந்தவர்கள் சத்தம் போடுகிற ஆட்கள் இல்லை. நிர்வாகத்துக்குக் காதில் எதுவும் விழவில்லை. அரசுப் பணம் பின்னால் இருந்ததால் வருமானம் குறைந்ததும் உறைக்கவில்லை.

இதை வைத்து 1970இல் அவர் ஒரு கருத்தைச் சொன்னார். மனம் கோணிய வாடிக்கையாளருக்கு இரண்டு வழி உண்டு. பேசாமல் போய்விடலாம், அல்லது இருந்து குரல் கொடுக்கலாம். எந்தப் பக்கம் போவார் என்பது அவருக்கு அந்த இடத்தின்மேல் இருக்கும் ஒட்டுதலைப் பொறுத்தது. ஒட்டுதல் இருக்கிறவர் போவதைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பேசிப் பார்ப்பார். உங்கள் ஆள் பேசிப் பார்த்திருக்கிறார். ஒரு மாதமாகக் காத்திருக்கிறார்.

ஒட்டுதல் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். நீங்கள் எழுதிய 'விசுவாசம்' எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. அது வேலையாளிடம் முதலாளி எதிர்பார்ப்பது. இங்கே காசு கொடுப்பவர் அவர், விசுவாசமும் அவரே காட்ட வேண்டும் என்றால் எப்படி? நம்மிடம் ஏற்கனவே ஒரு நல்ல சொல் இருக்கிறது: வாடிக்கை. வழக்கம் என்றுதான் அதற்குப் பொருள். வந்து வந்து பழகிப்போனவர் வாடிக்கையாளர். இப்போது ஒரே ஒரு முறை வாங்கியவரையும் அப்படித்தான் சொல்கிறோம்.

தள்ளுபடி விஷயத்துக்கு வருகிறேன். அது வேலை செய்யாது என்று சொல்லமாட்டேன். நன்றாகவே வேலை செய்யும். 2006இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு, நூனஸ், ட்ரெஸ் என்ற இருவர் செய்தது. ஒரு கார் கழுவும் நிலையத்தில் 300 அட்டைகள் கொடுத்தார்கள். பாதி அட்டைகளில் எட்டு முத்திரை சேர்த்தால் ஒருமுறை இலவசம். மீதிப் பாதியில் பத்து முத்திரை சேர்க்க வேண்டும், ஆனால் இரண்டு முத்திரை முன்கூட்டியே குத்தியிருக்கும். கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். முதல் வகையில் 19 சதவீதம் பேர் அட்டையை முடித்தார்கள். இரண்டாவது வகையில் 34 சதவீதம். மனித மனம் இப்படித்தான், தொடங்கிவிட்டதாக நினைத்தால் முடிக்கப் பார்க்கும். ஆனால் அந்த 34 சதவீதம் பேருக்கும் ஒட்டுதல் அட்டையோடுதான். பக்கத்தில் வேறொருவர் இன்னும் நல்ல அட்டை கொடுத்தால் அங்கே போவார்கள். உங்கள் குழு தள்ளுபடிக்கு மட்டும் விழித்துக்கொள்கிறது என்றால், அதற்கு அப்படிப் பழக்கியவர் நீங்கள். ஆறு மாதம் நிறுத்திப் பாருங்கள். சிலர் போவார்கள், போகட்டும். பரிசுப் போட்டியில் வந்தவர்களைப் பற்றியும் இதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை. பரிசுக்கு வந்தார்கள், பரிசு முடிந்தது.

குழுவில் பெரும்பாலானவர்கள் பேசுவதில்லை என்பதற்கு வருத்தப்படாதீர்கள். இணையக் கூட்டங்களைப் பற்றி யாகோப் நீல்சன் என்ற இணைய ஆய்வாளர் 2006இல் ஒரு கணக்குச் சொன்னார். நூறு பேரில் தொண்ணூறு பேர் சும்மா பார்ப்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது பேசுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் பேசுவார். இது தோராயக் கணக்குதான். அதன்படி உங்கள் 240 பேரில் இரண்டு மூன்று பேர்தான் ஓயாமல் பேசுவார்கள். உங்களுக்கு ஐந்தாறு பேர் கிடைத்திருக்கிறார்கள். 'ஏன் யாரும் பேசுவதில்லை?' என்று மட்டும் குழுவில் கேட்டுவிடாதீர்கள். கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஏன் யாரும் சிரிக்கவில்லை என்று கேட்பது போலிருக்கும்.

அந்த ஐந்தாறு பேர் யார், அவர்கள் உங்கள் நோட்டுகளில் என்ன எழுதுகிறார்கள்? இதைத்தான் உங்கள் கடிதத்தில் தேடினேன். (நீங்கள் அனுப்பியது இதைவிட நீளம். நூல், தாள், அட்டை, தபால் செலவு என்று மூன்று பக்கம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.) மூன்று பக்கத்தில் ஓர் இடத்தில்கூட, வாங்கியவர் அந்த நோட்டை வைத்து என்ன செய்கிறார் என்று ஒரு வரி இல்லை. ஒருவர் பறவை வரைகிறாரா, ஒருவர் தூக்கம் வராத இரவுகளில் கணக்கு எழுதுகிறாரா, ஒருவர் இவ்வளவு அழகான நோட்டில் எழுத மனசு வராமல் அலமாரியில் வைத்திருக்கிறாரா? கடைசி வகையினர் நிறையப் பேர் இருப்பார்கள் என்பது என் ஊகம். நானும் அந்த ரகம்தான். என்னிடம் மூன்று நோட்டுகள் முதல் பக்கம்கூடத் தொடாமல் இருக்கின்றன.

உங்கள் குழுவில் இப்போது எல்லோரும் உங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் அறிவிப்பீர்கள், அவர்கள் கேட்பார்கள். அவர்களுக்குள் பேசிக்கொள்ள ஒன்றுமில்லை, ஏனென்றால் பேச்சின் பொருளே நீங்கள்தான். முனிஸ், ஓகின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001இல் சில பொருட்களைச் சுற்றி எப்படிச் சமூகம் உருவாகிறது என்று எழுதினார்கள். அவர்கள் கவனித்ததில் ஒன்று சாப் கார். சாலையில் எதிரே இன்னொரு சாப் வந்தால் ஓட்டுபவர்கள் ஹாரன் அடிப்பார்கள், விளக்கை அணைத்து அணைத்துக் காட்டுவார்கள். சாப் கார் ஒன்று ஓரமாகப் பழுதாகி நின்றால் இறங்கி உதவுவார்கள். முன்பின் தெரியாதவர்கள். அந்த விளக்கு வெளிச்சத்தில் சாப் நிறுவனத்துக்கு ஒரு வேலையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். யாரும் அதை அறிவிக்கவில்லை, பரிசும் கொடுக்கவில்லை.

அதனால் குழுவில் ஒரு மாதத்துக்கு எதையும் விற்காதீர்கள். எழுதி முடித்த நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவர்களுக்கு, எழுதி முடித்தவர்கள் முதல் பக்கத்தை எப்படிக் கெடுத்தார்கள் என்று சொல்லட்டும். முதல் பக்கத்தை யாராவது கெடுத்துத்தான் ஆக வேண்டும். நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். ஒருவர் கேள்விக்கு உங்களுக்கு முன்னால் இன்னொருவர் பதில் சொன்னால், அன்றைக்கு வாயைத் திறக்காதீர்கள். இது கஷ்டம். நம் கடையில் நாம் பேசாமல் இருப்பதா என்று இருக்கும்.

அப்புறம், நூலைக் குறை சொன்னவருக்கு ஒரு வேலை கொடுங்கள். அடுத்து எந்த நூலில் தைத்துப் பார்த்தாலும் முதல் நோட்டை அவருக்கு அனுப்பி, ஒரு மாதம் பயன்படுத்திவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சரியில்லை என்றால், ஏன் என்று கேளுங்கள். அதற்காக அவர் சொல்வதையெல்லாம் செய்ய வேண்டியதில்லை. குறை சொல்பவர் வலிக்கும் இடத்தைச் சரியாகக் காட்டுவார், மருந்தைப் பெரும்பாலும் தவறாகச் சொல்வார். மருந்து உங்கள் வேலை.

ஆயிரம் ரசிகர்கள் பற்றி. அது கெவின் கெல்லி என்ற அமெரிக்க எழுத்தாளர் 2008இல் எழுதியது. நீங்கள் என்ன செய்தாலும் வாங்கக்கூடிய ஆயிரம் பேரோடு நேரடித் தொடர்பு இருந்தால் ஒரு கலைஞர் பிழைக்கலாம் என்பது அவர் கணக்கு. பாடல் பதிவை ஆயிரம் பேருக்கும் விற்கலாம், பத்தாயிரம் பேருக்கும் விற்கலாம், பாடுகிறவருக்குத் தொண்டை நோகாது. உங்களுக்கு விரல் நோகும். ஒரு நாளில் எத்தனை நோட்டு தைக்க முடியும்? ஐந்து என்று வைப்போம். வருடத்தில் 300 நாள் வேலை செய்தால் 1,500 நோட்டு. ஒருவர் வருடத்துக்கு நான்கு வாங்கினால் 375 பேர். அதற்குமேல் ஒருவர் வந்தாலும் அவரைக் காக்கவைக்க வேண்டும், அல்லது தையலை அவசரப்படுத்த வேண்டும். ஆயிரத்தைத் துரத்திக்கொண்டு போனால் எங்கேயோ ஓரிடத்தில் நூல்தான் தளரும். 375 பேர் என்றால் ஒரு நோட்டில் அடங்கும். உங்களிடம் இல்லாத நோட்டா? ஆளுக்கு அரைப் பக்கம் ஒதுக்கி, என்ன வாங்கினார், எப்போது வாங்கினார், என்ன சொன்னார் என்று கையால் எழுதி வையுங்கள். ஆறு மாதமாக எழுத எதுவும் இல்லாத அரைப் பக்கங்களை அவ்வப்போது புரட்டிப் பாருங்கள்.

இதையெல்லாம் பெரிய அனுபவசாலி போலச் சொல்கிறேன். உண்மையில் கோட்டை விட்ட அனுபவம்தான். இருபது வருடத்துக்கும் முன்னால் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சிற்றிதழ் நடத்தினோம். காலாண்டிதழ் என்று அட்டையில் போட்டிருப்போம். வருடத்துக்கு மூன்று வந்தால் அதிசயம். சந்தாதாரர்கள் 312 பேர். ராப்பர் ஒட்டி முகவரி எழுதுவது என் வேலை, பாதி முகவரிகள் மனப்பாடமே ஆகிவிட்டன.

அதில் ஒருவர் ஒவ்வோர் இதழுக்கும் போஸ்ட்கார்டு போடுவார். நலம் விசாரிப்பு கிடையாது. 'பக்கம் 43, கீழிருந்து ஏழாவது வரி. இங்கே ஒற்று மிகாது.' அதற்கடுத்த வரியில் இன்னொரு பக்க எண். கார்டு நிரம்பினால் ஓரத்தில் குறுக்காகத் திருப்பி எழுதியிருப்பார். கதை எப்படி, கட்டுரை எப்படி என்று ஒரு சொல் இருக்காது. நாங்கள் அதைச் சத்தம் போட்டுப் படித்துச் சிரிப்போம். ஒற்றுக்காரர் என்று பெயரும் வைத்தோம். ஒரு முறை இதழ் இரண்டு மாதம் தாமதமானபோது, 'இதழ் வரவில்லை. மூவரும் நலம்தானே?' என்று ஒரு கார்டு வந்தது. அதற்கும் நாங்கள் பதில் போடவில்லை. போட வேண்டும் என்று நினைத்தோம்.

பிறகு எப்போதோ கார்டு வருவது நின்றது. எப்போது நின்றது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அடுத்த சந்தாப் பட்டியல் எழுதும்போதுதான் அவர் புதுப்பிக்கவில்லை என்று பார்த்தேன்.

அதற்கு அடுத்த இதழில் பைண்டிங்கில் ஒரு கோளாறு. ஒரு ஃபாரம், அதாவது சேர்த்து மடித்த பதினாறு பக்கம், இரண்டு தடவை சேர்ந்து, இன்னொன்று விட்டுப்போயிருந்தது. 17 முதல் 32 வரை உள்ள பக்கங்கள் இரண்டு முறை வந்தன, 33 முதல் 48 வரை இல்லவே இல்லை. ஒரு கதையின் முடிவும் ஒரு முழுக் கட்டுரையும் காணோம். எல்லாப் பிரதியும் அப்படித்தான். தபாலில் சேர்த்துவிட்டு, மூன்று வாரம் கழித்து வேறு எதற்கோ புரட்டும்போது நானே கண்டுபிடித்தேன். அதுவரை ஒரு கார்டுகூட வந்திருக்கவில்லை.

அன்புடன்.