பக்கவாதத்திற்குக் குளிர் சிகிச்சை பலன் தருமா?

கேள்வி: என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தபோது, தலையில் ஐஸ் கட்டி வைக்குமாறு பக்கத்து வீட்டார் வற்புறுத்தினார்கள். உடலைக் குளிர்வித்து மூளையைக் காக்கும் சிகிச்சை வெளிநாடுகளில் உண்டென்றும் படித்தேன். இரண்டும் ஒன்றுதானா? அந்தச் சிகிச்சையை மருத்துவமனையில் கேட்டுப் பெற முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டும் ஒன்றல்ல. மூளைக்குள் நிமிடத்திற்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் சூடான இரத்தம் பாய்ந்துகொண்டிருப்பதால், தலையில் வைக்கும் ஐஸ் தோலைக் குளிர்விக்குமே தவிர மூளையின் உட்பகுதியை எட்டாது. அதைத் தேடிக்கொண்டிருக்கும் நேரம்தான் வீண்.

நீங்கள் படித்த சிகிச்சையின் அடிப்படை வேறு. இரத்தக்குழாய் அடைபட்டதும் மூளையின் ஒரு பகுதி விரைவில் இறந்துவிடுகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதியோ, செயலிழந்தாலும் உயிரை விடாமல் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் மூளையின் ஆக்சிஜன் தேவை 6 முதல் 7 சதவீதம் வரை குறையும் என்பதால், உடலை 33 முதல் 35 டிகிரி வரை குளிர்வித்தால் அந்தப் பகுதியைக் காப்பாற்றலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். விலங்குச் சோதனைகளில் அது நன்றாகவே பலித்தது.

மனிதர்களிடம் குறுக்கே வந்தது நடுக்கம். இதயத்துடிப்பு நின்று மீட்கப்பட்டவர்களுக்குக் குளிர்விப்பு அளிக்கும்போது, அவர்கள் மயக்க மருந்தில், செயற்கைச் சுவாசத்தில் இருப்பார்கள். பக்கவாத நோயாளியோ பெரும்பாலும் விழித்திருக்கிறார். வெப்பம் 36 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அவர் உடல் நடுங்கத் தொடங்கி, மிச்சப்படுத்த நினைத்த ஆக்சிஜனைத் தசைகள் செலவழித்துவிடுகின்றன. ஆகவே, தொடைச் சிரைக்குள் செலுத்திய குழாயில் குளிர்ந்த உப்புநீரைச் சுழலவிட்டு இரத்தத்தைக் குளிர்விக்கும் அதே நேரத்தில், தோலை ஏமாற்றுவதற்காக மேலே வெப்பப் போர்வையைப் போர்த்தி, நடுக்கத்தை அடக்கப் பெத்திடின் என்ற வலிநிவாரணி மருந்தும் கொடுக்க வேண்டியிருந்தது. பெத்திடின் தூக்கத்தைத் தருவது. ஏற்கெனவே விழுங்கவும் இருமவும் சிரமப்படுபவருக்கு நிமோனியா வர அது வழிவிடக்கூடும்.

ஐரோப்பாவில் 1,500 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட ‘யூரோஹிப்-1’ ஆய்வு, போதிய நோயாளிகள் கிடைக்காமல் 98 பேரோடு 2018-இல் நிறுத்தப்பட்டது. கிடைத்த அளவில் பலன் எதுவும் தென்படவில்லை. இத்தனை சிறிய எண்ணிக்கையை வைத்து இச்சிகிச்சை பயனற்றது என்று தீர்ப்பு எழுதுவது சரியாகாது, ஆனால் ஆய்வுக்கு வெளியே நோயாளிக்கு அளிக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்பதே என் கருத்து. அடைப்பை நீக்கும் குழாய் வழியாகவே குளிர்ந்த உப்புநீரைப் பாதிக்கப்பட்ட பகுதிக்கு மட்டும் செலுத்தும் முறையைச் சீன மருத்துவர்கள் சோதித்து வருகிறார்கள். உடல் முழுவதையும் குளிர்விக்காததால் இதில் நடுக்கத் தொல்லை குறைவு.

ஆகவே, குளிர் சிகிச்சை உண்டா என்று கேட்காமல், சி.டி. ஸ்கேன் எப்போது எடுப்பீர்கள் என்று கேளுங்கள். அந்த ஸ்கேனைப் பார்த்த பிறகே போடப்படும், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும். முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழைத்து, அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பக்கவாத நோயாளிக்கு வார்டில் காய்ச்சல் வந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கூடாது. வெப்பம் கூடினால் மூளைச் சேதமும் கூடும். ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் செவிலியர்கள் முதல் மூன்று நாட்கள் விதிப்படி கண்காணித்த பிரிவுகளில், 90 நாட்களுக்குப் பின் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்தவர்களும் 42 சதவீதம்; மற்ற பிரிவுகளில் 58 சதவீதம். 37.5 டிகிரியை எட்டியதுமே அங்கு பாராசிட்டமால் கொடுத்தார்கள். ஆனால் விழுங்கும் திறனைச் சோதித்து முடிக்கும்வரை, நீங்களாக மாத்திரையோ ஒரு வாய்த் தண்ணீரோ கொடுக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடலாம்.