பயணக் கேள்வி–பதில்: டிக்கெட் ஒருவரிடம், இருக்கை இன்னொருவரிடம்

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோரிடமிருந்தும், பெற்றோருக்கு இங்கிருந்தே டிக்கெட் எடுத்துக் கொடுப்பவர்களிடமிருந்தும் இம்முறை வந்துள்ள கடிதங்களில் பல ஒரே குறையைச் சொல்கின்றன. பணம் வாங்கிய விமான நிறுவனம் ஒன்று, விமானத்தை ஓட்டும் நிறுவனம் வேறொன்று; இருக்கை கேட்டால் இரண்டுமே கைவிரிக்கின்றன. ‘கோட்ஷேர்’ எனப்படும் இந்த ஏற்பாடு தொடர்பான கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எழுபது வயதைத் தாண்டிய என் பெற்றோர் சென்னையிலிருந்து சிகாகோ செல்வதற்காக, அங்கே வசிக்கும் என் தம்பி ஓர் அமெரிக்க நிறுவனத்தின் இணையதளத்தில் டிக்கெட் வாங்கியிருக்கிறான். இரண்டு விமானங்களையும் இயக்குவது ஓர் ஐரோப்பிய நிறுவனம். இருக்கையைத் தேர்வு செய்யப் போனால், இந்த விமானத்துக்கு இங்கே தேர்வு செய்ய இயலாது என்று வருகிறது. ஐரோப்பிய நிறுவனத்தின் தளத்தில் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்தால் அப்படி ஒரு பதிவே இல்லை என்கிறது. தொலைபேசியில் அழைத்தால் இவர்கள் அவர்களைக் கேட்கச் சொல்கிறார்கள், அவர்கள் இவர்களைக் கேட்கச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு மூட்டு வலி. நடைபாதையோர இருக்கை இல்லாமல் அவரால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது. என்ன செய்வது?
— வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் பெற்றோரின் பதிவு எங்கும் தொலைந்துவிடவில்லை. அது இரண்டு நிறுவனங்களின் கணினிகளில் இரண்டு வெவ்வேறு எண்களில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது அவற்றில் ஒன்று மட்டுமே.

கோட்ஷேர் என்பது, ஒரு நிறுவனம் ஓட்டும் விமானத்தின் இருக்கைகளைக் கூட்டாளி நிறுவனங்களும் தத்தம் எண்ணைச் சூட்டி விற்பதாகும். விமான நிலையத்தின் புறப்பாட்டுப் பலகையில் ஒரே நேரத்தில், ஒரே வாயிலிலிருந்து கிளம்பும் ஒரே விமானத்துக்கு இரண்டு மூன்று எண்கள் மாறி மாறித் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்களில் ஒன்றுதான் விமானத்தை ஓட்டும் நிறுவனத்துடையது; அந்த நிறுவனத்தையே இங்கு ‘ஓட்டுபவர்’ என்கிறோம். இருக்கைப் படமும், எந்த வரிசையை யாருக்குத் தருவது என்ற முடிவும், கடைசி நேரத்தில் விமானத்தையே மாற்றும் உரிமையும் அவரிடமே இருக்கின்றன. மற்றவர்கள் டிக்கெட்டை விற்கலாம். இருக்கை வேண்டுமென்றால் அவர்களும் ஓட்டுபவரிடம்தான் கேட்டாக வேண்டும்.

நம் ஊர் ஆம்னி பேருந்தில் எந்த முகவரிடம் போனாலும் திரையில் ஒரே இருக்கைப் படம்தான் தெரியும். விமானத் துறையில் நிலைமை அப்படி இல்லை. லுஃப்தான்சா அமேடியஸ் என்ற கணினி அமைப்பைப் பயன்படுத்துகிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சேபர் என்ற அமைப்பையும், யுனைடெட் நிறுவனம் ஷேர்ஸ் என்ற அமைப்பையும், இண்டிகோ நாவிடேரையும் பயன்படுத்துகின்றன. இரு கூட்டாளிகளும் ஒரே அமைப்பில் இருந்தால் பெரும்பாலும் ஒரே பி.என்.ஆர். இரண்டு தளங்களிலும் திறக்கும், இருக்கைப் படமும் தெரியும். அமைப்புகள் வேறானால், விற்றவரின் கணினி ஓட்டுபவரின் கணினிக்குத் தந்தி பாணியிலான ஒரு சிறு செய்தியை அனுப்பும். அங்கே புதிதாக ஒரு பதிவு உருவாகி, அதற்குத் தனியாக ஆறு எழுத்து கொண்ட எண் கிடைக்கும். அந்த இரண்டாவது எண் பல நேரங்களில் பயணியின் மின்னஞ்சலுக்கு வந்து சேருவதே இல்லை. இத்தனை ஆண்டுகள் ஆகியும் இந்த ஓர் எண்ணை டிக்கெட்டிலேயே அச்சிட்டுத் தர எல்லா நிறுவனங்களும் முன்வராதது, தொழில்நுட்பக் குறை என்பதைவிட அக்கறைக் குறை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே முதல் வேலை அந்த எண்ணைப் பெறுவது. உங்கள் தம்பி, தான் டிக்கெட் வாங்கிய நிறுவனத்தை அழைத்து, இருக்கையைப் பற்றிப் பேசாமல், ‘விமானத்தை இயக்கும் நிறுவனத்தின் பி.என்.ஆர். எண்ணைச் சொல்லுங்கள்’ என்று மட்டும் கேட்கட்டும். இருக்கை என்ற சொல்லை எடுத்தாலே அழைப்பை அந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள். எண்ணைக் கேட்டால், அது அவர்கள் திரையிலேயே இருப்பதால் மறுக்கக் காரணம் இருக்காது. அப்படியும் கிடைக்காவிட்டால், பதின்மூன்று இலக்க டிக்கெட் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஐரோப்பிய நிறுவனத்தை அழைக்கலாம். அதன் முதல் மூன்று இலக்கங்கள் டிக்கெட்டை வழங்கிய நிறுவனத்தைக் குறிக்கும்: 016 என்றால் யுனைடெட், 220 என்றால் லுஃப்தான்சா, 098 என்றால் ஏர் இந்தியா. பி.என்.ஆர். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும் டிக்கெட் எண் மாறாது என்பதால், அந்த எண்ணையும் பெயரையும் பயண நாளையும் வைத்து அவர்கள் தங்கள் பதிவைத் தேடி எடுக்க முடியும். சில நிறுவனங்களின் இணையதளங்களிலேயே பி.என்.ஆருக்குப் பதிலாக டிக்கெட் எண்ணைக் கொடுத்து நுழையும் வசதி உண்டு.

ஊரில் பயண முகவரிடம் டிக்கெட் வாங்கியவர்களுக்கு இதிலும் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. முகவர் பயன்படுத்தும் கலிலியோ போன்ற அமைப்பு தரும் எண், விற்ற நிறுவனத்தின் எண், ஓட்டும் நிறுவனத்தின் எண் என்று மூன்று இருக்கலாம். அச்சிட்ட தாளில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் முகவரின் எண்தான், அது விமான நிறுவனங்களின் தளங்களில் பெரும்பாலும் திறக்காது.

இருக்கையைத் தொலைபேசியில் கேட்டு, ‘பதிவு செய்துவிட்டோம்’ என்ற பதிலைப் பெற்றதோடு நின்றுவிடாதீர்கள். விற்ற நிறுவனம் பதிவு செய்வது ஒரு கோரிக்கையை மட்டுமே. அது எச்.என். என்ற குறியோடு இருந்தால் பதில் வரவில்லை என்று பொருள், எச்.கே. என்று மாறினால் உறுதியானது, யு.சி. என்றால் மறுக்கப்பட்டது. முகவர்களுக்கு இந்தக் குறிகள் பழக்கம் என்பதால் அவர்களிடம் நேரடியாகவே கேட்கலாம். எப்படியானாலும் ஓட்டும் நிறுவனத்தின் தளத்தில் இருக்கை எண் உங்கள் கண்ணுக்குத் தெரியும்வரை அதைக் கிடைத்ததாகக் கொள்ள வேண்டாம். அங்கே கட்டணம் கேட்டாலும் வியப்படைய வேண்டியதில்லை. விற்றவர் எந்த வகை டிக்கெட்டை என்ன பெயரில் விற்றிருந்தாலும், இருக்கைக்குப் பணம் உண்டா இல்லையா என்பதில் பெரும்பாலும் ஓட்டுபவரின் விதியே செல்லும்.

அம்மாவின் மூட்டு வலியைப் பொறுத்தவரை, சக்கர நாற்காலிக் கோரிக்கையை இப்போதே பதிவு செய்து, அதுவும் மறுபக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று தனியாக உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் சக்கர நாற்காலி கேட்டதாலேயே நடைபாதையோர இருக்கை தானாக வந்துவிடாது. அமெரிக்காவுக்குச் செல்லும் விமானங்களுக்கு, வெளிநாட்டு நிறுவனங்கள் உட்பட, அந்நாட்டின் மாற்றுத்திறனாளிப் பயணிகளுக்கான விதி பொருந்தும். காலை மடக்கவே இயலாதவருக்குக் கூடுதல் இடமுள்ள இருக்கையைத் தர வேண்டும் என்று அது சொல்கிறது. சாதாரண மூட்டு வலி அதில் அடங்காது. என்றாலும் நிலைமை கடுமையானதாக இருந்தால், மருத்துவரின் கடிதத்தோடு இயக்கும் நிறுவனத்தின் சிறப்பு உதவிப் பிரிவை அணுகுவது, பொது வாடிக்கையாளர் எண்ணில் காத்திருப்பதைவிடப் பலன் தரும்.

இவ்வளவுக்குப் பிறகும் இருக்கை அமையாவிட்டால், இணைய செக்-இன் திறக்கும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களில் அது புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பு. சிலவற்றில் இன்னும் முன்னதாகவே திறக்கும். செக்-இன் செய்ய வேண்டியது முதல் விமானத்தை ஓட்டும் நிறுவனத்தின் தளத்தில்தான். விமான நிலையத்தில் ஒதுக்குவதற்கென்று நிறுத்தி வைத்திருந்த வரிசைகளில் சில அந்த நேரத்தில் விடுவிக்கப்படுவது உண்டு.

கேள்வி: விற்ற நிறுவனத்தின் தளத்திலேயே கூடுதல் பணம் கட்டி, கால் நீட்டும் வசதியுள்ள இரண்டு இருக்கைகளை வாங்கியிருந்தோம். பயணத்துக்கு முன்பு விமான ரகம் மாற்றப்பட்டு, வேறு வரிசையில் சாதாரண இருக்கைகளைக் கொடுத்துவிட்டார்கள். பணத்தை யாரிடம் கேட்பது?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் வங்கி அட்டைக் கணக்கில் யார் பெயரில் பணம் கழிக்கப்பட்டிருக்கிறதோ அவரிடம் முதலில் கேளுங்கள். இருக்கைக்குக் கட்டிய தொகைக்கு டிக்கெட்டிலிருந்து தனியாக ஓர் ஆவணம் உருவாகும். துறையில் அதை இ.எம்.டி. என்பார்கள், அதற்கும் பதின்மூன்று இலக்க எண் உண்டு. இருக்கைக் கட்டண ரசீதில் உள்ள அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால், எந்த விமானம், எந்தக் கட்டணம் என்று மறுபடியும் விளக்க வேண்டியிருக்காது. பழைய இருக்கை எண் அச்சான உறுதிச் சீட்டையும், கடைசியில் கிடைத்த போர்டிங் பாஸையும் இணைத்து அனுப்புங்கள்.

அமெரிக்காவுக்கோ அங்கிருந்தோ செல்லும் பயணமாக இருந்தால் உங்கள் வாதம் இன்னும் வலுவானது. பணம் வாங்கிக்கொண்டு தராத கூடுதல் சேவைக்கான கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2024இல் விதி கொண்டுவந்திருக்கிறது.

கேள்வி: எங்கள் ஏழு வயது மகளுக்கு எங்களிடமிருந்து பல வரிசைகள் தள்ளி இருக்கை ஒதுக்கப்பட்டிருக்கிறது. டிக்கெட் ஓர் இந்திய நிறுவனத்தின் எண்ணில் இருக்கிறது, விமானத்தை ஓட்டுவது வெளிநாட்டு நிறுவனம். குழந்தைகளைப் பெற்றோர் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று இந்தியாவில் உத்தரவு இருப்பதாகப் படித்தோம். அது எங்களுக்குப் பொருந்துமா?
— வாசகர், மதுரை

பதில்: பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, அதே பி.என்.ஆரில் பயணம் செய்யும் பெற்றோரில் அல்லது பாதுகாவலர்களில் ஒருவருக்கு அருகிலாவது இருக்கை தர வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. ஆனால் அது இந்திய விமான நிறுவனங்களுக்குச் சொல்லப்பட்டது. உங்கள் விமானத்தில் இருக்கை ஒதுக்குவதோ வெளிநாட்டு நிறுவனம். டிக்கெட்டில் இந்திய எண் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அவர்களிடம் இந்த உத்தரவைக் காட்டி வாதாடுவது பயன் தரும் என்று நான் நினைக்கவில்லை.

நடைமுறையில் பெரும்பாலான நிறுவனங்கள் சிறு குழந்தையைத் தனியே விட விரும்புவதில்லை என்பது உங்களுக்குச் சாதகம். மூவரும் ஒரே பி.என்.ஆரில் இருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அப்பா டிக்கெட்டைத் தனியாகவும் அம்மா, குழந்தை டிக்கெட்டுகளைத் தனியாகவும் எடுத்திருந்தால் நீங்கள் ஒரே குடும்பம் என்பது கணினிக்குத் தெரியாது. இரண்டு பதிவுகளையும் இணைத்துக் குறிப்பு எழுதச் சொல்லி இயக்கும் நிறுவனத்திடமே கேளுங்கள். விற்றவரின் பதிவில் எழுதப்படும் இத்தகைய குறிப்புகள் மறுபக்கம் போவது உறுதியில்லை. அதுவும் நடக்காவிட்டால் விமான நிலையத்துக்குச் சீக்கிரமே சென்று கவுன்டரில் கேளுங்கள். விமானத்துக்குள் ஏறிய பிறகு சக பயணியிடம் கெஞ்சுவது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

கேள்வி: கொழும்பிலிருந்து லண்டன் வழியாகக் கனடா போகவிருக்கிறேன். இரண்டாவது விமானம் கோட்ஷேர். அதற்கான போர்டிங் பாஸில் இருக்கை எண் இல்லாமல், வாயிலில் தரப்படும் என்று மட்டும் வந்தால் என்னை ஏற்றாமல் விட்டுவிடுவார்களா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பெரும்பாலும் இல்லை. உங்கள் டிக்கெட் உறுதியானது என்பதும் உங்களுக்கு இருக்கை எண் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதும் இரண்டு வேறு செய்திகள். ஆனால் இருக்கைகளைவிடக் கூடுதலாக டிக்கெட் விற்கப்பட்ட விமானத்தில், எண் கையில் இல்லாதவர்கள் பின்தங்கும் அபாயம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. லண்டனில் இறங்கியதும், கடைகளில் நேரம் செலவிடாமல், அடுத்த விமானத்தை ஓட்டும் நிறுவனத்தின் இடைமாற்றக் கவுன்டருக்குச் சென்று எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அப்படியும் உங்கள் விருப்பத்துக்கு மாறாக ஏற்ற மறுத்தால், பிரிட்டனிலிருந்து புறப்படும் விமானம் என்பதால் அந்நாட்டு விதி உங்களைக் காக்கும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு இழப்பீடு 520 பவுண்டு வரை உண்டு. அதைக் கேட்க வேண்டியது விமானத்தை ஓட்டும் நிறுவனத்திடம், டிக்கெட் விற்றவரிடம் அல்ல. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து புறப்படும் விமானங்களுக்கும் இதே முறைதான்; அங்கே தொகை 600 யூரோ வரை.

கேள்வி: இவ்வளவு தொல்லை என்றால் கோட்ஷேர் டிக்கெட்டே வாங்காமல் இருப்பது நல்லதல்லவா?
— வாசகி, திருச்சி

பதில்: ஒரே விமானம் இரண்டு எண்களிலும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கிறது என்றால், ஓட்டுபவரின் எண்ணிலேயே வாங்குங்கள், இருக்கை, உணவு, சக்கர நாற்காலி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடித்துக்கொள்ளலாம். யார் ஓட்டுகிறார்கள் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பயணிக்குச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் விதி இருக்கிறது. இங்கும் பெரும்பாலான தளங்கள் விமான எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் அதைக் காட்டுகின்றன.

ஆனால் விலை வித்தியாசம் பெரிதாக இருக்கும்போதும், இரண்டு மூன்று நிறுவனங்களில் மாறிச் செல்ல வேண்டியிருக்கும்போதும் கோட்ஷேரை ஒதுக்கத் தேவையில்லை. எல்லாப் பகுதிகளும் ஒரே டிக்கெட்டில் இருப்பதால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் மாற்று விமானம் ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு. பெட்டிகளும் பெரும்பாலும் கடைசி ஊர் வரை போய்ச் சேரும். தனித்தனி டிக்கெட்டுகளாக வாங்கினால் அந்தச் செலவு நம் தலையில் விழும். உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உங்கள் அட்டை எண் விற்றவரின் பதிவில் இருந்தும் ஓட்டுபவரின் பதிவில் இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது. இலவச இருக்கைச் சலுகை உங்களுக்கு உண்டென்றால், இருக்கைப் படத்தில் கட்டணம் கட்டுவதற்கு முன்பு அந்த எண் அங்கே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.