டி.சி. இல்லாத பிள்ளையும் சிபாரிசுக் கடிதமும்

கேள்வி: எங்கள் பகுதியில் நல்ல பெயரெடுத்த ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் என் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனேன். "இடம் முடிந்துவிட்டது" என்றார்கள். அதற்குப் பிறகும் சிபாரிசில் சில பிள்ளைகள் சேர்ந்தார்கள். அதில் அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. கை நிறையச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இங்கேயும் சலுகையா? இவர்கள் சம்பளத்தைக் குறைத்தால்தான் என்ன?
- வாசகர், அரூர்

பதில்: உங்கள் கோபத்தில் முதல் பாதி நூற்றுக்கு நூறு நியாயம். இரண்டாம் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆறாம் வகுப்புக்கு ஏன் இந்த நெரிசல் என்று பாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று அது விரிந்தது. 2022-ல் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம், 2024-ல் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். ஐந்தாம் வகுப்பு வரை மெட்ரிக் பள்ளியில் படிக்கவைத்துவிட்டு ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வருகிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், வரட்டும். ஆனால் அந்த பெஞ்சில் ஓர் இடம் என்பது இன்று ஏழு வருடம் கழித்துக் கிடைக்கப்போகும் கல்லூரி இடத்துக்கான உரிமையும்கூட. அதை ஒரு போன் கால் தீர்மானிக்கிறது என்றால், வேறொரு பிள்ளையின் எதிர்காலத்தில் கை வைக்கிறோம் என்று பொருள்.

விதிவிலக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேந்திரிய வித்யாலயாவில், அடிக்கடி ஊர் மாற்றப்படும் மத்திய அரசு ஊழியரின் பிள்ளைக்கு முன்னுரிமை உண்டு. ஏன் என்று யார் கேட்டாலும் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அதே பள்ளிகளில் 2022 வரை ஒவ்வொரு எம்.பி.க்கும் வருடத்துக்குப் பத்து இடம் இருந்தது. 788 எம்.பி.க்களுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 7,880 இடம். அதற்கு அப்படி ஒரு வரி பதில் கிடையாது. கடைசியில் ரத்து செய்தார்கள். செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள்.

நம் தருமபுரி மாவட்டத்தில் என் மனதைக் குடைவது வேறொரு விஷயம். பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிற குடும்பங்களை உங்களுக்குத் தெரியும். வேலை நின்றதும், இல்லை வீட்டில் யாராவது படுத்துவிட்டாலும், வருட நடுவில் ஊர் திரும்புவார்கள். நவம்பரில் ஒரு தாய் பள்ளி வராண்டாவில் நிற்கிறாள். கையில் ஆதார் ஜெராக்ஸும் தடுப்பூசி அட்டையும். டி.சி. கர்நாடகத்தில் ஏதோ ஒரு பள்ளியில் கிடக்கிறது. "டி.சி. வாங்கிட்டு வாம்மா, அது இல்லாம எமிஸ்ல ஏத்த முடியாது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். (எமிஸ் என்பது மாணவர் விவரங்களை ஏற்றும் அரசின் இணையப் பதிவேடு.) ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போய் வாங்கிவர அந்த வீட்டில் ஆள் இருக்காது. பையன் ஆடு மேய்க்கப் போய்விடுவான்.

இத்தனைக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, டி.சி. தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது (பிரிவு 14). சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு வந்தாலும் திருப்பி அனுப்பக்கூடாது (பிரிவு 15). எட்டாம் வகுப்பு வரை இதுதான் சட்டம். ஆக, சட்டமே கொடுத்த விதிவிலக்கை அந்தத் தாய்க்கு மறுக்கிறோம். சட்டத்தில் எங்குமே இல்லாத விதிவிலக்கை லெட்டர்பேடு கொண்டுவருகிறவருக்குக் கொடுக்கிறோம். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

சரி, சம்பளத்துக்கு வருவோம். "கை நிறைய" என்கிறீர்கள். அது எல்லார் கைக்கும் பொருந்தாது. 2009 மே 31 வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய். மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. அதே தகுதி, அதே வகுப்பு, அதே கரும்பலகை. அன்று விழுந்த பள்ளத்தை இழுத்துக்கொண்டுதான் அவர்கள் "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று திரும்பத் திரும்பச் சென்னையில் போய் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் கீழே பகுதிநேர ஆசிரியர்கள். ஓவியம், உடற்கல்வி, கணினி சொல்லித்தர 2012-ல் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். 2023-ல் அறிவித்த உயர்வுக்குப் பிறகும் 12,500-தான் வந்தது. மே மாதச் சம்பளமே இல்லாமல் பல கோடைகளை ஓட்டியவர்கள் அவர்கள். சம்பளத்தைக் குறைக்கச் சொல்லும்போது இவர்களும் அந்தக் கணக்கில் வந்துவிடுகிறார்கள் என்பதை யோசித்தீர்களா? நல்ல சம்பளம் வாங்குகிற ஆசிரியரின் சம்பளத்தைக் குறைத்தால் உங்கள் மகளுக்கு இடம் கிடைக்காது. இன்னொரு வகுப்பறையும் இன்னொரு ஆசிரியரும் வந்தால்தான் கிடைக்கும்.

அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வருவதையும் நான் வரவேற்கிறேன். 2015-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம், உத்தரப் பிரதேசத்தில் அரசிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்றே உத்தரவு போட்டது. கட்டாயப்படுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் 2011-ல் ஈரோடு கலெக்டர் ஆனந்தகுமார் தன் மகளை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தபோது, ஊரே அந்தப் பள்ளியைத் திரும்பிப் பார்த்தது. ஒரு ஆசிரியை தான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே தன் பிள்ளையைச் சேர்த்தால் அதையும் குற்றமாக எண்ணாதீர்கள். அவரும் வரிசையில் வரட்டும். அல்லது அவருக்கு முன்னுரிமை உண்டு என்று அரசு எழுதி, நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். கதவுக்குப் பின்னால் நடப்பதுதான் தவறு.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான் இருக்க வேண்டும். அந்தப் பள்ளியின் குழுவில் இருக்கும் ஒருவரைப் பிடித்து, சேர்க்கைப் பதிவேட்டைக் கூட்டத்தில் கேட்கச் சொல்லுங்கள். நடக்கவில்லையா, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். "ஆறாம் வகுப்பில் எத்தனை விண்ணப்பம் வந்தது, 'இடம் இல்லை' என்று எந்தத் தேதியில் அறிவித்தீர்கள், அந்தத் தேதிக்குப் பிறகு எத்தனை பேரை எந்த விதியின் கீழ் சேர்த்தீர்கள்" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகளின் பெயரைக் கேட்காதீர்கள், அவர்கள் மேல் ஒரு தவறும் இல்லை. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். பெயர்களை விட்டுவிட்டு இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.